கசக்கும் சர்க்கரை!

கச்சிராயபாளையத்திலே ஒரு சர்க்கரை ஆலை. மூங்கில்துறைப்பட்டிலே மற்றொன்று. இரண்டும் கூட்டுறவு ஆலைகள். இரண்டும் கள்ளக்குறிச்சிச் சீமைக்குப் பெயர் தேடித் தந்தவை. வண்டி வண்டியாகக் கரும்பு உள்ளே போகிறது. மூட்டை மூட்டையாகச் சர்க்கரை வெளியே வருகிறது. வெட்டியவன் வியர்வை உப்பு; விளைந்த பொருள் இனிப்பு! இது நாம் அறிந்த சர்க்கரை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு சர்க்கரை. ஆலையிலே காய்ச்சாத சர்க்கரை; நாவிலே வைத்தால் கசக்கும் சர்க்கரை! கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணை கடந்து, கல்வராயன் மலைமீது வெள்ளிமலை வரை ஏறினால், மரத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்கும் சீந்தில் கொடி. காட்டிலேதான் அது வளரும் என்பதில்லை; சமவெளி வேலியிலும் படரும், வீட்டோரத்து வேம்பிலும் படரும். வடக்கே உள்ளவர்கள் 'கிலோய்' என்று அழைப்பதும் இதைத்தான். அதன் தண்டுக்குள்ளே ஒளிந்திருக்கும் பொருளுக்குச் சித்த வைத்தியர்கள் சூட்டிய பெயரே 'சீந்தில் சர்க்கரை' என்பதுதான்.

தண்டை இடிப்பார்கள், நீரிலே ஊறவைத்துக் கரைப்பார்கள், வடிகட்டுவார்கள், அடியிலே படிகிற மாவை எடுத்து, மறுபடி மறுபடி கழுவி, உலர்த்துவார்கள். சின்னசேலம் பக்கத்திலே மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, படிய வைத்து, மாவாக்கி, ஜவ்வரிசியாக்கும் பாட்டாளித் தோழர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. அங்கே கிழங்கு, இங்கே கொடி, அவ்வளவே வேற்றுமை!

கிடைப்பது மாவு. இனிப்பும் இல்லை. பின் ஏன் 'சர்க்கரை' என்று பெயர்? பெயர் வைத்த வைத்தியர் எதை நினைத்து வைத்தாரோ! ஆனால் இன்றைய விஞ்ஞானத்தைக் கேட்டால், அந்தப் பெயர் பொருத்தமான பெயர் என்றே சொல்கிறது.

மணியும் மாலையும்

கரும்புச் சர்க்கரை என்பது இரண்டே மணிகள் கோத்த பொருள். குளுக்கோஸ் ஒரு மணி, பிரக்டோஸ் ஒரு மணி. இரண்டும் கைகோத்து நின்றால் நாவுக்கு இனிப்பு. அதே குளுக்கோஸ் மணிகளை நூற்றுக்கணக்கிலே, ஆயிரக்கணக்கிலே மாலையாகக் கோத்துவிட்டால்? இனிப்பு மறைந்துவிடும், மாவு பிறந்துவிடும்! நாம் உண்ணும் சோறும், ஜவ்வரிசியும் அந்த மாலையே. இப்படிப்பட்ட நீண்ட சர்க்கரைச் சங்கிலிக்கு 'பாலிசாக்கரைடு' என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விந்தை கேளுங்கள். நாம் கட்டியிருக்கும் பருத்தி வேட்டியும் குளுக்கோஸ் மாலைதான்! சோற்றிலும் அதே மணி, வேட்டியிலும் அதே மணி. பின் ஏன் சோறு செரிக்கிறது, வேட்டி செரிப்பதில்லை? மணி ஒன்றுதான், கோத்த முறை வேறு. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே உள்ள பிணைப்பு ஒரு பக்கம் திரும்பினால் உணவு, மறுபக்கம் திரும்பினால் உடை. நம் குடல் அந்தச் சிறு திருப்பத்தை அறிகிறது. ஒன்றைப் பிரிக்கிறது, மற்றதைப் பிரிக்க மாட்டேன் என்கிறது.

குடல் மட்டுமா அறிகிறது? நம் குருதியிலே காவல் காக்கும் வெள்ளை அணுக்களும் அறிகின்றன! இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

பட்டாளம் எப்படி விழிக்கிறது?

1882ஆம் ஆண்டு, சிசிலித் தீவிலே, ருஷ்ய நாட்டு விஞ்ஞானி மெச்னிகாப், கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கத்தக்க நட்சத்திரமீன் குஞ்சின் உடலிலே ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால், அந்த முள்ளைச் சுற்றிலும் அணுக்கள் முற்றுகையிட்டு நின்றன! அயலான் புகுந்தான் என்றதும் படை திரண்டுவிட்டது. அயலானை விழுங்கும் அணுக்கள் உடலிலே உண்டு என்பதை அவர் உலகுக்கு உரைத்தார். 1908லே நோபல் பரிசும் பெற்றார்.

படை திரள்கிறது, சரி. எதிரி யார் என்று எப்படித் தெரிகிறது? கிருமிக்கு மேலே ஒரு சட்டை உண்டு. பல கிருமிகளுக்கு அந்தச் சட்டை சர்க்கரைச் சங்கிலிகளால் நெய்தது. சட்டையைப் பார்த்து ஆளை அறிகிறது அணு. அறிவதற்கென்றே அணுவின் மேற்பரப்பிலே ஏற்பிகள் இருக்கின்றன. 'டோல்' என்று பெயர்பெற்ற அந்த ஏற்பிகளின் வேலையைப் பூச்சியிலும் எலியிலும் கண்டறிந்த ஹோப்மன், பாய்ட்லர் ஆகிய இருவருக்கும் 2011லே நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இது ஏட்டிலே உறங்கும் செய்தி அல்ல. நம் குழந்தைகளின் தொடையிலே போடப்படும் ஊசியிலே இந்த அறிவு இருக்கிறது. நிமோனியாக் கிருமிக்கு எதிரான தடுப்பூசி எதனால் ஆனது தெரியுமா? அந்தக் கிருமியின் சர்க்கரைச் சட்டையைக் கழற்றி, ஒரு புரதத்தோடு ஒட்டி, "இதோ எதிரியின் சட்டை, அடையாளம் பார்த்துக்கொள்!" என்று குழந்தையின் அணுக்களுக்குக் காட்டும் ஊசி அது. இந்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்திலே 2017இல் சில மாநிலங்களில் நுழைந்து, 2021இல் நாடு முழுதும் பரவியது. ஆகவே, சர்க்கரைச் சங்கிலி நோய் எதிர்ப்பு அணுக்களோடு பேசும் என்பது கட்டுக்கதை அல்ல, கண்கூடு.

கிருமியின் சங்கிலி பேசுகிறது. செடியின் சங்கிலி பேசுமா?

ஆய்வுக்கூடம் சொன்னது

பம்பாயிலே டிராம்பே. அங்கே பாபா அணு ஆராய்ச்சி நிலையம். அணுவைப் பிளக்கும் இடத்திலே உடல் அணுவையும் ஆராய்கிறார்கள். அந்த அணு வேறு, இந்த அணு வேறு! அந்நிலையத்து விஞ்ஞானிகள் சீந்தில் தண்டிலிருந்து ஒரு சங்கிலியைப் பிரித்தெடுத்து, 1999லே உலகுக்கு அறிவித்தார்கள். 'ஜி1-4ஏ' என்று பெயரிட்டார்கள். அரபினோஸ், காலக்டோஸ் என்னும் மணிகள் மிகுந்த மாபெரும் சங்கிலி அது. காலக்டோஸ் வேறெங்கோ உள்ள பொருள் அல்ல. பாலிலே உள்ள சர்க்கரையில் பாதி அதுதான். இந்தச் சங்கிலி, எதிர்ப்பொருள் செய்யும் 'பி' அணுக்களைப் பெருகச் செய்தது.

பிறகு எலிகளிலே சோதித்தார்கள். கிருமி நஞ்சு ஏறினால் உடலே கொந்தளித்து உயிர் போகும் நிலை உண்டு. முன்கூட்டியே ஜி1-4ஏ கொடுக்கப்பட்ட எலிகள் அந்த அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றப்பட்டதை 2007லே அறிவித்தார்கள். 2016லே இன்னொரு படி ஏறினார்கள்: காசநோய்க் கிருமி தொற்றிய எலிகளிலே இந்தச் சங்கிலி கிருமியின் பெருக்கத்தைக் குறைத்தது, அது பேசிய ஏற்பி, டோல் ஏற்பிகளிலே நான்காம் எண் என்றும் கண்டார்கள்.

அமெரிக்காவிலே மயாமி நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள், சீந்திலிலிருந்து வேறொரு சங்கிலியை எடுத்தார்கள். 'ஆர்ஆர்1' என்று பெயர். நம் சோற்றிலே உள்ள அதே குளுக்கோஸ் மணி, பெரும்பாலும் அதே பிணைப்பு, இடையிடையே கிளைகள். 2004லே அவர்கள் சொன்னது என்ன? மனிதக் குருதியிலிருந்து எடுத்த வெள்ளை அணுக்களோடு இதைச் சேர்த்தபோது, 'இயற்கைக் கொல்லி' என்று பெயர்பெற்ற அணுக்கள் மிகுதியாகக் கிளர்ச்சி கொண்டன. அடுத்து 'டி' அணுக்கள். அதற்கடுத்து 'பி' அணுக்கள். அணுக்களைக் கொல்லவில்லை, தூண்டியது.

வேலியிலே படர்ந்த கொடி! ஆடு மேய்ப்பவன் ஒதுக்கித் தள்ளும் கொடி! அது மனித அணுவைத் தட்டி எழுப்புகிறது என்றால் நமக்குப் பெருமையாக இருக்காதா? இருக்கிறது. மறைப்பானேன்! மலைவாழ் மக்களும், நாட்டு வைத்தியரும் கைவிடாமல் வைத்திருந்த கொடி, கண்ணாடிக் குழாயிலே தன் பெயரைக் காத்துக்கொண்டது. "படிக்காதவன் பார்த்த வைத்தியம்தானே" என்று ஏளனம் செய்தவர் இனி வாய் மூடட்டும்!

ஆனால்...

தோழர்களே! இந்த 'ஆனால்' மிகவும் முக்கியமான 'ஆனால்'. ஏனெனில், இந்த இடத்திலேதான் குப்பி வியாபாரி நம் தோள்மீது கை போடுகிறார்.

குப்பி சொல்வதும் குழாய் சொல்லாததும்

2020ஆம் ஆண்டு கொரோனா வந்தது. கடைதோறும் குப்பி வந்தது! "நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்" என்று எழுதாத பொட்டலம் இல்லை. மாத்திரையிலே அது, தேநீரிலே அது, மிட்டாயிலே கூட அது! தமிழகத்திலே கபசுரக் குடிநீர் அரசாலேயே வழங்கப்பட்டது. அதிலே உள்ள சரக்குகள் 15. சீந்தில் அவற்றுள் ஒன்று. மக்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். அச்சம் கவ்விய நாளிலே அருகே இருந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டார்கள்; அவர்களை நாம் குறை சொல்லோம். ஆனால் அச்சத்தைக் காசாக்கியவர்களைக் கேள்வி கேட்காமல் விடோம்.

முதல் கேள்வி: கண்ணாடிக் குழாயிலே அணுவின்மேல் நேரே ஊற்றிய பொருளும், வாய்வழியே குடிக்கும் பொருளும் ஒன்றா? சோற்றுப் பிணைப்பு கொண்ட சங்கிலியை நம் உமிழ்நீரும் குடல்நீரும் சோற்றைப்போலவே வெட்டிவிட வல்லவை. வெட்ட முடியாத சங்கிலி பெருங்குடலுக்குப் போகும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். அதனாலும் நன்மை வரலாம். ஆனால் குருதியிலே இருக்கும் அணுவைப் போய் அது தட்டியது என்று குழாயை மட்டும் காட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாம் கேள்வி: தட்டியது செடியா, செடியில் ஒட்டிய கிருமியா? மண்ணிலே வளரும் தண்டிலே கிருமி ஒட்டியிருக்கும். அந்தக் கிருமியின் மேற்சட்டையிலே கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த நஞ்சு உண்டு. டோல் நான்காம் ஏற்பியை மிக வேகமாகத் தட்டும் பொருள் அந்த நஞ்சுதான். துளியிலும் துளி போதும். ஆகவே நேர்மையான ஆய்வுக்கூடம், அந்த நஞ்சு கலக்கவில்லை என்று முதலில் மெய்ப்பித்துவிட்டுத்தான் செடியைப் பற்றிப் பேசும். குப்பி விற்பவர் பேசுவாரா?

மூன்றாம் கேள்வி, எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: எதிர்ப்பு ஆற்றல் பெருகுவது எப்போதும் நல்லதா?

பட்டாளம் விழித்திருப்பது நல்லது. எதிரி வந்தால் சுடுவது நல்லது. ஆனால் வெறிபிடித்துச் சொந்த ஊரையே சுட்டால்? கொரோனாவிலே பலர் உயிர் போனது எப்படி? கிருமியின் கை மட்டும் அல்ல. கிருமியை விரட்டக் கிளம்பிய சொந்தப் படையின் கொந்தளிப்பும் நுரையீரலைப் பாழாக்கியது. 2020 ஜூன் மாதம், இங்கிலாந்திலே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. மூச்சுக்கருவி பொருத்தப்பட்ட நோயாளிகளில் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது ஒரு மருந்து. என்ன மருந்து? எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும் மருந்தா? இல்லை! அதை அடக்கும் மருந்து! டெக்சாமெதசோன் என்னும் பழைய, மலிவான ஸ்டீராய்டு! கடைத்தெருவிலே "பெருக்கு, பெருக்கு" என்று கூவிக்கொண்டிருந்த அதே நேரத்திலே, மருத்துவமனையிலே சாவின் விளிம்பில் இருந்தவனைக் காத்தது "அடக்கு" என்ற கட்டளை!

அப்படியானால், ஆற்றல் என்பது பானையிலே ஊற்றும் தண்ணீரா, எவ்வளவு நிரம்பினாலும் நல்லது என்று சொல்ல? அது அடுப்புத் தீ. குறைந்தால் சோறு வேகாது. மிஞ்சினால் குடிசை எரியும்.

எரிந்ததற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2020 செப்டம்பர் முதல் டிசம்பருக்குள், மும்பையிலே ஆறு பேர் ஈரல் கெட்டு மருத்துவரிடம் வந்தார்கள். ஆறு பேரும் சீந்தில் சாப்பிட்டவர்கள். 2022லே இன்னொரு அறிக்கை: நாடெங்கும் 13 மருத்துவ மையங்களில் கண்ட 43 பேர்! அவர்களிலே பலருக்கு வந்தது, சொந்தப் படையே ஈரலைத் தாக்கும் வகையைச் சேர்ந்த நோய். பலருக்குச் சீந்திலை நிறுத்தியதும் குணம் தெரிந்தது.

மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. சீந்தில் தீங்கற்றது என்றது. சீந்திலைப்போலவே தோன்றும் வேறொரு கொடி, தண்டெல்லாம் கொப்புளம் கொப்புளமாக இருக்கும் 'கிரிஸ்பா' என்னும் இனம், தவறுதலாகக் கலந்திருக்கலாம் என்றும் சொன்னது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்! அப்போதும் கேள்வி தீருகிறதா? மடங்காகிறது! எந்தக் கொடி எந்தப் பொட்டலத்திலே இருக்கிறது என்று வாங்குபவனுக்கு எப்படித் தெரியும்? பொடியாக்கிய பின் இதய வடிவ இலையை எங்கே தேடுவது? கொப்புளத்தை எங்கே தடவிப் பார்ப்பது?

"பெரிய விஷயமா இது?" என்று கேட்பவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வந்து கேட்கட்டும். 2024 ஜூன் மாதம், கருணாபுரத்திலும் சுற்றிலும், மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த ஊர் இது. கொடுத்தவன் சொல்லை நம்பி வாங்கினார்கள். உள்ளே என்ன இருந்தது என்று குடித்தவனுக்குத் தெரியாது. மருந்தையும் சாராயத்தையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் 'உள்ளே இருப்பது என்ன?' என்று கேட்கும் உரிமை, உழைத்துக் கூலி வாங்கி, அதைக் கொடுத்து வாங்குகிறவனுக்கு உண்டா, இல்லையா? இருக்கிறது என்கிறோம் நாம்!

எண்ணிப் பார்த்த ஊர்

"அப்படியானால் கொடியைக் குப்பையிலே போடச் சொல்கிறீரா?" என்று சிலர் பாய்வார்கள். இல்லை! "முன்னோர் சொன்னது, கேள்வி கேட்காதே" என்பதும் மூடத்தனம். "முன்னோர் சொன்னது, ஆகவே பொய்" என்பதும் மூடத்தனம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. எண்ணிப் பார்ப்பது!

அந்த வழி நமக்குப் புதியதும் அல்ல. உலகுக்கு அதைக் காட்டிய ஊர்களிலே ஒன்று நம் சென்னை. 1956லே அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அந்நாளிலே காசநோய் என்றால், காற்றோட்டமான ஆரோக்கிய நிலையத்திலே, நல்ல படுக்கை, நல்ல உணவு, நீண்ட ஓய்வு என்பது வேதவாக்கு. ஏழைக்கு அதெல்லாம் ஏது? நெரிசலான குடிசையிலே கிடப்பவனுக்கு விமோசனம் இல்லை என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

சென்னையிலே என்ன செய்தார்கள்? நோயாளிகளை இரு அணியாகப் பிரித்தார்கள். ஆள் பார்த்து அல்ல, அந்தஸ்து பார்த்து அல்ல; சீட்டுக் குலுக்குவதுபோல! ஒரு அணி ஆரோக்கிய நிலையத்திலே. மற்ற அணி தம் ஏழைக் குடிசையிலே. இரு அணிக்கும் அதே மாத்திரைகள், ஓராண்டு காலம். பிறகு எண்ணினார்கள். 1959லே முடிவு வெளிவந்தது. குடிசைக்காரன் பெற்ற குணமும் ஆரோக்கிய நிலையத்தான் பெற்ற குணமும் ஏறத்தாழ ஒன்றே! படுக்கை அல்ல, பாலும் பழமும் அல்ல. மருந்துதான் காத்தது என்று நிலைநாட்டப்பட்டது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்று உலகம் ஏற்றது. எத்தனை ஏழை நாடுகளிலே எத்தனை உயிர்கள் பிழைத்தன அதனால்!

பாருங்கள், எண்ணுவது ஏழைக்கு எதிரானது அல்ல. பணக்காரன் ஏமாந்தால் பணம் போகும். ஏழை ஏமாந்தால் அன்றைய கூலியும் போகும், உயிரும் போகும். ஆகவே சோதனை முதலில் வேண்டியது ஏழைக்குத்தான்.

ஜப்பானிலே என்ன செய்தார்கள்? ஷிடாகே என்னும் உணவுக் காளானிலிருந்து 'லென்டினான்' என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்தார்கள். எலியின் கட்டியை அது கரைத்ததை 1969லே அறிவித்தார்கள். அன்றே குப்பியிலே அடைத்துக் கூவவில்லை. ஆண்டுக்கணக்கில் சோதித்து, 1980களிலே, இரைப்பைப் புற்றுநோய்க்கு மற்ற மருந்தோடு சேர்த்துப் போடும் ஊசியாக அரசின் ஒப்புதல் பெற்றார்கள். இந்த நோய்க்கு, இந்த அளவு, இந்த வழியே என்று வரையறை! 'எல்லோருக்கும், எப்போதும், எவ்வளவும்' என்பது மருந்தின் மொழி அல்ல; சந்தையின் மொழி.

சீந்திலுக்கு ஏன் அந்த வாய்ப்பு கிடைக்கக்கூடாது? கள்ளக்குறிச்சியிலேயே, சிறுவங்கூரிலே, 2022லே திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்திலே தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சென்னையிலே அந்தப் பழைய காசநோய் மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. எலியின் காசநோயிலே நம்பிக்கை காட்டிய சங்கிலி, மனிதனுக்கு உதவுமா என்று இவர்கள் ஒரே மேசையிலே உட்கார்ந்து ஆராயட்டும். சித்த மருத்துவரும், ஆங்கில மருத்துவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தது போதும்!

மலைக்கு என்ன பங்கு?

இனி, கடைசிக் கேள்வி. கொடி மெய்ப்பிக்கப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். குப்பிக்கு விலை கிடைக்கும். கொடிக்கு? கொடியைக் காட்டியவனுக்கு?

கல்வராயன் மலையிலே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் நம்மவர். மலையை ஆள்பவர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பெயரிலே ஆட்சி! வாழ்விலே? நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976லேதான் ஜாகிர்தார்கள் பிடியிலிருந்து அந்த மலை விடுபட்டது. 2024லே கூட, அங்கே சாலை உண்டா, மருத்துவ வசதி உண்டா என்று சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கு எடுத்துக் கேட்க வேண்டியிருந்தது!

அந்த மக்கள் கடுக்காய் பொறுக்குகிறார்கள். கல்வராயன் கடுக்காய் தோல் பதனிடவும் போகிறது, மருந்துக்கும் போகிறது. அதே கபசுரக் குடிநீரிலே கடுக்காய்த் தோலும் ஒரு சரக்கு. காட்டிலே முள் குத்தப் பொறுக்கியவன் கைக்கு வந்த காசு எவ்வளவு, பொட்டலமாகி நகரத்துக் கடையிலே ஏறிய விலை எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் கணக்கன் தேவையில்லை.

வழி இல்லாமல் இல்லை. 1987லே அகத்தியமலைக் காட்டிலே ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு சிறு செடியின் கனியைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்பது அதன் பெயர். அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவர ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தை ஆக்கியது. 1995லே கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் தந்தது. விற்பனையிலே பங்கும் பேசியது. கிடைத்ததிலே பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. 1997லே அவர்கள் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை எழுந்தது. இடையூறுகள் வந்தன, செடி எடுக்க வனத்துறை தடுத்ததும் உண்டு. ஆயினும், "காட்டியவனுக்குப் பங்கு" என்ற நியாயம் உலகம் பார்க்க நிலைநாட்டப்பட்டது.

2002லே வந்த பல்லுயிர்ச் சட்டம் அந்த நியாயத்தைச் சட்டமாக்கியது. 2006லே வந்த வன உரிமைச் சட்டம், காட்டின் சிறு விளைபொருள் மீது வனவாசிக்கே உரிமை என்றது. 2018லே உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம், உள்நாட்டு மருந்து நிறுவனமும் மலைமக்களுக்குப் பங்கு தரத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறகு என்ன நடந்தது? 2023லே பல்லுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டது. ஏட்டிலே எழுதப்பட்ட மரபு அறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்கு! ஏட்டிலே எழுதியவன் அறிவு பொதுச் சொத்தாம். ஏடு எழுதத் தெரியாதவன் காட்டிய செடி, எப்படியோ ஏட்டில் ஏறிவிட்டால் அவனுக்குப் பங்கு இல்லையாம்! இதைத்தான் திருத்தம் என்கிறார்கள்.

நாம் கேட்பது இவைதான். பொட்டலத்தின் உள்ளே இருப்பது எந்தக் கொடி என்று சோதித்துச் சான்று ஒட்டாமல் சீந்தில் பொருள் கடைக்கு வரக்கூடாது. "எதிர்ப்பு ஆற்றல் பெருக்கும்" என்று எழுதுகிறவர், யாரிடம் சோதித்தார், எத்தனை பேரிடம் சோதித்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும். எழுத முடியாவிட்டால் அந்த வரியை அழிக்கட்டும். மலையிலிருந்து எடுக்கும் கொடிக்கும் காய்க்கும், மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவே நியாய விலை போகட்டும்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மஞ்சள் காமாலை கண்டவர், ஈரல் நோய் உள்ளவர், மூட்டு வாதம் போலச் சொந்த எதிர்ப்பு ஆற்றலே தாக்கும் நோய் உள்ளவர், சிறுநீரகம் மாற்றியவர், இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சீந்திலைத் தொடவேண்டாம். காசநோய்க்கு அரசு தரும் மாத்திரையை, எந்தக் கொடிக்காகவும், யார் சொன்னாலும், ஒரு நாளும் நிறுத்தவேண்டாம். எலிக்கு நடந்தது எலிக்கு நடந்ததுதான். உங்களுக்கு நடப்பதை எண்ணிச் சொல்லும் நாள் வரும் வரை, மாத்திரையே துணை.

கரும்புச் சர்க்கரையை எடை போட்டு வாங்குகிறோம். தராசிலே ஒரு கிராம் குறைந்தால் சண்டை போடுகிறோம். உயிரைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படும் இந்தக் கசக்கும் சர்க்கரையையும் தராசிலே வைக்கச் சொல்லுவோம். உண்மை எவ்வளவு, ஊதியது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கச் சொல்லுவோம். மலைக்காரன் கூலியையும் அதே தராசிலே வைக்கச் சொல்லுவோம்!